அவர் எங்களுக்கு வாப்பா இல்லை

கண்டக்குழியில் உதைபந்து விளையாடி வளர்ந்த யாரைக் கேட்டாலும் நானாவைப் பற்றி முதலில் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "எங்களையெல்லாம் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்த்த மனிசன்." அவர் மௌத்தான அன்று பள்ளிவாசலிலும் அதைத்தான் சொன்னார்களாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பத்து வயதிலிருந்து அவரிடம் பயிற்சி எடுத்தவன் நான்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பெண், ஓர் ஆண். அந்த நாலு பேரைப் பார்த்த மாதிரி அவர் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது என்று நினைத்தார். ஊரில் எல்லாப் பெரியவர்களும் எங்களை 'மகன்' என்று கூப்பிடுவார்கள். அவர் மட்டும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரை அவ்வளவு நம்பியதற்கு அந்த இடைவெளிதான் காரணம் என்பது என் கட்சி.

பெயரை எழுத வேண்டாம் என்று மச்சி சொல்லிவிட்டார். நானாவின் மனைவி என்பதால் எங்கள் எல்லாருக்கும் அவர் மச்சி. "பேர எழுதி என்னத்துக்கு, தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும்" என்றார். சரி, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் கூப்பிட்ட நானா என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக: பாலாவிச் சந்தியில் புத்தளம் வீதியை விட்டுத் திரும்பி, நுரைச்சோலையும் தலவில அன்னம்மாள் கோயிலும் கடந்து, கற்பிட்டி டவுனுக்குப் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் வருவது கண்டக்குழி. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. நடுவில் இருப்பதெல்லாம் மணல். மணலில் தென்னை, தென்னைக்கு இடையில் வெங்காயப் பாத்தி, மிளகாய்ப் பாத்தி. கடலோரத்தில் வாடிகள். வீதியில் யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள். எங்கள் கிரவுண்டும் மணல்தான். அதில் முதலில் இறங்குவது கழுதைகள், பிறகு நாங்கள். அஸர் தொழுகை முடிந்து வருகிற முதல் இரண்டு பேருக்குச் சாணம் அள்ளுவது வேலை. அதனால் முதலாவதாக வருவதைத் தவிர்க்க எல்லாரும் முயற்சி செய்வோம். ஒரு நாள் நானா அதைக் கண்டுபிடித்து, கடைசியாக வருகிற இரண்டு பேர் அள்ள வேண்டும் என்று மாற்றினார். அவருடைய பயிற்சித் திட்டத்திலேயே மிகவும் வெற்றி கண்டது அந்தத் திருத்தம்தான்.

நானா கடல் தொழில் செய்தவர். இளவயதில் கொழும்பில், புறக்கோட்டைக் கருவாட்டுக் கடை ஒன்றில் வேலைக்கு நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சோண்டர்ஸ், ரினோன் கழகங்களின் ஆட்டங்களைப் பார்க்கப் போவாராம். உதைபந்தாட்டம் என்று அவர் அறிந்ததெல்லாம் அங்கே வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு எரிந்த பிறகு ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. கலியாணம், ஒரு ஃபைபர் போட்டில் பங்கு, கடல் மூடிக் கிடக்கும் மாதங்களில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் வெங்காயம். இரவில் வலை, காலையில் மீன் ஏலம், பகலில் கொஞ்சம் தூக்கம், அஸருக்குப் பிறகு நாங்கள், மஃரிபுக்கு வீடு. மஃரிப் பாங்கு கேட்கும்போது அவர் கிரவுண்டில் இருக்க மாட்டார். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி.

கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் உதைபந்தைப் பற்றிச் சொல்ல முடியாது. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை கடல் பக்கத்திலிருந்து அடிக்கும். காலையில் சும்மா இருக்கும். பகல் ஏற ஏற பலத்து, பின்னேரம் நாங்கள் விளையாடப் போகும் நேரத்தில் நின்று பேச முடியாது, வாயில் மணல் போகும். உயரத் தூக்கி அடித்த பந்து தென்னந்தோப்புக்குள் போய்விடும். அதனால் நானா பந்தை நிலத்தோடு வைத்து விளையாடப் பழக்கினார். கோல் காப்பவன் காலால் அடிக்கக் கூடாது, கையால் உருட்டி விட வேண்டும். நாணயச் சுழற்சியில் வென்றால் முதற் பாதியில் காற்றுக்கு எதிராக ஆடும் பக்கத்தைத்தான் கேட்பார். "காலுல பெலன் இருக்கக்குள்ள காத்தோட சண்ட புடிங்க. பெலன் முடிஞ்ச பொறகு காத்து உங்களத் தள்ளும்." கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து மணலில் குதியூன்றி நடப்பதைவிடக் கால்களுக்கு வேறு பயிற்சி தேவையில்லை என்பது அவர் எண்ணம். இழுத்ததற்கு ஆளுக்குக் கொஞ்சம் மீன் பங்காகக் கிடைக்கும். அதை நேரே வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிரவுண்டுக்கு வர வேண்டும். யாராவது வழியில் விற்றுக் காசாக்கினான் என்று தெரிந்தால் அந்தக் கிழமை அவனுக்கு விளையாட்டு இல்லை.

மணலிலும் காற்றிலும் இப்படிப் பழகிவிட்டு, புத்தளம் பக்கம் கெட்டித் தரையில் விளையாடப் போனால் நாங்கள் திண்டாடுவோம். பந்து துள்ளும் உயரமே எங்களுக்குப் புதிது. பாதி ஆட்டம் முடிந்த பிறகுதான் கண்ணுக்குப் பிடிபடும். அதற்குள் இரண்டு கோல் வாங்கியிருப்போம். நானாவுக்கு இதற்கு ஒரு மருந்தும் தெரியவில்லை. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவும் இல்லை. நாங்கள் வென்றதைவிடத் தோற்றது அதிகம்.

கடல் பக்கத்துக் கோல் கம்பத்தில் ஓர் ஆணி இருந்தது. கம்பம் என்றால் தென்னங்குற்றி. வலை அவரே பொத்திக் கட்டிய பழைய மீன் வலை. அந்த ஆணியில் ஒரு பன் உமல் தொங்கும். அதற்குள் வீட்டுக்கு வாங்கிய சாமான்: பருப்பு, சீனி, அரை இறாத்தல் பாண், சில நாளில் முட்டை. வரும்போது கடையில் வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டால், போகும்போது நேரே வீடு. உமலில் பந்து பட்டால் அடித்தவன் கிரவுண்டைச் சுற்றி ஓட வேண்டும். முட்டை இருக்கிற நாள்களில் எங்கள் கோல் காப்பாளன் கோலை விட்டுவிட்டு உமலைப் பாதுகாத்திருக்கிறான். எதிரணியில் வந்த கற்பிட்டிப் பையன்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே அடித்தார்கள் என்று இன்றுவரை ஒரு குற்றச்சாட்டு உண்டு.

கோலுக்குப் பின்னால், தாழம்பற்றை நிழலில், அவருடைய இரண்டாவது மகள் உட்கார்ந்திருப்பாள். மடியில் சீ.ஆர். கொப்பி. யார் வந்தது, யார் வரவில்லை, யார் பிந்தி வந்தது எல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கிரவுண்டுக்கு வருபவனை விளையாட விடக் கூடாது என்று நானா ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்ததற்குக் காரணம் அந்தப் பிள்ளைதான். அவளும் எங்கள் பள்ளிக்கூடம்தானே, ஏமாற்ற முடியாது. "இவர் இண்டைக்கு வரல்ல வாப்பா" என்று ஒரு குரல் வரும். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அவளுக்கு ஆட்டமும் எங்களைவிட நன்றாகத் தெரியும். இடது புறத்தில் ஆள் இல்லை என்று கோலுக்குப் பின்னாலிருந்து கத்துவாள். அவள் சொன்ன பிறகுதான் நாங்கள் பார்ப்போம்.

பத்துப் பன்னிரண்டு வயது வரை அவளும் பந்தடித்தாள். பிறகு நானா நிறுத்திவிட்டார். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவர் யோசனை. அப்போது எங்களுக்கு அது இயல்பாகப் பட்டது. இப்போது எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள். அதை நினைத்தால் நானா மீது கோபம் வருகிறது. மழை, கடல், அயலூர் நடுவர், கடன்காரர் எதற்கும் பயப்படாத மனிசன், ஊர் வாய்க்குப் பயந்தார். அவளைப் படிக்க வைத்தார் என்பது உண்மைதான். சைக்கிளில் பின்னால் ஏற்றிக் கற்பிட்டிக்கு ரியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து எங்களுக்கு விசில் ஊதுவார். அவள் இன்று கணித ஆசிரியை. ஆனாலும் அந்தக் கொப்பியோடு அவளை வேலிக்கு வெளியே வைத்தது சரியில்லை என்றுதான் சொல்வேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேலான சனம். பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவுச் சனம் கடலால் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். மழைக்காலம் அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் உம்மா பெரிய தேக்சாவில் சோறு ஆக்கியதும், பள்ளிக்கூடத்தைப் பூட்டி அதில் ஆட்களை இருத்தியதும், பாடம் இல்லை என்று எங்களுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. சில கிழமைகளில் போய்விடுவார்கள் என்று வந்தவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். கிடுகுக் கொட்டில்கள் முகாமாகி, முகாம்கள் ஊராகின. கிணற்றுத் தண்ணீர், கூலி வேலை, பள்ளிக்கூட வாங்கு என்று ஒவ்வொன்றிலும் போட்டி வந்தது. முதல் மாதத்தில் சோறு கொடுத்தவர்களே ஒரு வருஷத்தில் 'அகதி' என்று ஏசத் தொடங்கினார்கள்.

முகாம் பையன்கள் எங்கள் கிரவுண்டு ஓரத்தில் வந்து நிற்பார்கள். மன்னாரில் உதைபந்து என்றால் உயிர். அவர்கள் பந்தைத் தொடுகிற விதமே வேறு. இரண்டே தொடுகையில் பந்து கை மாறிவிடும். எங்களுக்கு ஓடத்தான் தெரியும். நானா அவர்களை உள்ளே கூப்பிட்டபோது ஊரில் முறுமுறுப்பு வந்தது. எங்கள் பிள்ளைகளின் இடம் போகிறதே என்று நேரே வந்து கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களில் என் வாப்பாவும் ஒருவர். நானா தர்க்கம் பண்ணவில்லை. "பதினொரு பேர்ல ஆர் நல்லா அடிக்கிறானோ அவன் நிப்பான். உங்கட மகன் இன்னும் நல்லா அடிச்சா அவனும் நிப்பான்" என்று மட்டும் சொன்னார். பயிற்சியில் உள்ளூர்ப் பையன் ஒருவனையும் முகாம் பையன் ஒருவனையும் சோடி சேர்த்துவிட்டார். மணலில் ஓட நாங்கள் அவர்களுக்குப் பழக்க வேண்டும், பந்தைக் கடத்த அவர்கள் எங்களுக்குப் பழக்க வேண்டும். 'அகதி' என்ற சொல்லைக் கிரவுண்டில் சொன்னவன் முகாமுக்கு நாலு குடம் தண்ணீர் சுமந்து கொடுக்க வேண்டும். குடத்தோடு முகாமுக்குப் போனவனுக்கு அங்கே பிளேன்டீ கிடைக்கும். பிறகு சிலர் பிளேன்டீக்காகவே அந்தச் சொல்லைச் சொன்னார்கள். சட்டம் போட்டவருக்கு அது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம், தெரிந்திருக்கும்.

அவர்களில் ஒருவன் எங்கள் முன்கள வீரன். ஒல்லி, இடது கால்காரன். வாப்பா இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்று நாங்கள் கேட்டதில்லை. உம்மாவோடும் மூத்தாப்பாவோடும் கொட்டிலில் இருந்தான். ஒரு நாள் நுரைச்சோலைப் பக்கத்து அணி ஒன்றோடு ஆட்டம். கடைசி நேரத்தில் இரண்டாவது கோலை அடித்துவிட்டு, ஓடி வந்து நானாவைக் கட்டிப் பிடித்து "வாப்பா" என்று கத்திவிட்டான். கத்தியதும் அவனுக்கே விளங்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் கால் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கண் கலங்கி, "ஓம் மகன், நான்தான் உனக்கு வாப்பா" என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். நானா அவன் தோளைப் பிடித்து மெதுவாக விலக்கினார். ஆட்டம் முடிந்ததும் உமலை ஒரு பக்கமும் அவனை இன்னொரு பக்கமுமாகச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனார். என்ன நடக்கிறது என்று பார்க்க நாங்களும் பின்னால் ஓடினோம்.

கொட்டில் வாசலில் மூத்தாப்பா உட்கார்ந்திருந்தார். பெரிய தோணி வைத்துத் தொழில் செய்தவராம். வந்த பிறகு ஒரு வேலையும் இல்லாமல் வாசலிலேயே இருப்பார். நானா சலாம் சொல்லிவிட்டு, "உங்கட பேரன் இண்டைக்கு ரெண்டு கோல் போட்டான். நீங்க பாக்க வரல்லயே" என்றார். நடக்கக் கஷ்டம் என்று கிழவர் காலைக் காட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு நானா தன் வீட்டுக் கதிரையைக் கொண்டுவந்து கோட்டோரம் போட்டார். கிழவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து அதில் இருத்தினார். அதற்குப் பிறகு எல்லா ஆட்டத்துக்கும் அந்தக் கதிரை வந்தது. கிழவர் கொஞ்ச நாளில் எங்களையெல்லாம் பெயர் சொல்லி ஏசுகிற அளவுக்குத் தேறிவிட்டார். கோல் அடித்தால் அவன் அங்கேதான் ஓடுவான்.

நான் பெரியவனான பிறகு ஒரு தடவை இதைப் பற்றி நானாவிடம் கேட்டேன். அந்தப் பையன் ஆசையாகக் கூப்பிட்டதை ஏன் அப்படித் தள்ளினீர்கள் என்றேன். வலை பொத்திக்கொண்டிருந்தார், ஊசியை நிறுத்தவில்லை. "அவன்ட வீட்டுல ஒரு ஆம்புள சும்மா குந்திக்கிட்டு இருந்தாரு. அவர்ட இடத்துல நான் போய் நிண்டா, அவர் எங்க போறது?" என்றார்.

என் விஷயத்தில் இதே குணம் எனக்குக் கரைச்சலாகத்தான் இருந்தது. என் வாப்பாவுக்கு உதைபந்து பிடிக்காது. பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரத்தில் பந்தின் பின்னால் ஓடுகிறான் என்று ஒரு நாள் கிரவுண்டுக்கே வந்து கத்தினார். நானா எனக்காகப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். "தண்ணி விட்டுட்டு வா தம்பி" என்று அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் இடையில் ஒரு தகராறு என்றால் அவர் எப்போதும் வீட்டின் பக்கம்தான். அந்த வயதில் அது துரோகம் மாதிரி இருந்தது.

1995 இல் கொழும்பில் நடந்த சார்க் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றது. தெற்காசியக் கிண்ணம் இலங்கைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். ஊர் எல்லாம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த காலம்; அடுத்த வருஷம் உலகக் கிண்ணமும் வந்துவிட்டதால் உதைபந்தின் கிண்ணத்தை நாடு மறந்தே போய்விட்டது. நாங்கள் மறக்கவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகுதான் முதல் தடவையாகக் கடலோரத்துக் குடாவ கிராமத்திலிருந்து சிங்களக் கத்தோலிக்கப் பையன்களும் எங்களோடு விளையாட வந்தார்கள். நானாவுக்குக் கொழும்பில் பழகிய சிங்களம் இருந்தது. எங்களுக்கு 'மெஹெட்ட', 'அறின்ன' என்ற இரண்டு சொல்லே போதுமாக இருந்தது: இங்கே தா, விட்டுவிடு. 1998 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஒரு கடைக்காரரின் டீவியில் பார்த்தோம். பிரேசில் வெல்லும் என்று ஊரே பந்தயம் கட்டியிருக்க, ஸிடான் தலையால் இரண்டு கோல் போட்டார். நானா அதைப் பார்க்க வரவில்லை. இலங்கையில் அது நள்ளிரவு தாண்டிய நேரம். மூத்த மகளுக்குக் காய்ச்சல். மறுநாள் பின்னேரம் எங்களை வைத்து முழு ஆட்டத்தையும் மணலில் நடிக்கச் சொல்லிப் பார்த்தார். ஸிடானாக நடித்தவன் தலையில் பந்து பட்டு மூக்கால் இரத்தம் வந்தது.

அந்த நாள்களில் டிசம்பர் மாதம் கிரவுண்டு பூட்டியிருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவர்கள் பந்தைத் தொடக் கூடாது. ஒரு வருஷம் எங்களுக்கு நல்ல அணி அமைந்திருந்தது, வெளியூர்ச் சுற்றுப்போட்டி ஒன்றில் அரையிறுதி வரை வந்துவிட்டோம். அரையிறுதி பரீட்சை நாள்களுக்கு நடுவில் விழுந்தது. சனிக்கிழமை ஆட்டம், அன்று பரீட்சையும் இல்லை. ஆனாலும் பரீட்சை எழுதுகிற ஐந்து பேரை அவர் நிறுத்திவிட்டார். சின்னப் பையன்களைக் கொண்டுபோய் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் எப்படியும் பெயில்தான். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் விளையாடியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. இதை நான் அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "திருப்பி வந்தாலும் நிப்பாட்டுவன்" என்பார்.

அதற்குப் பிறகு நாங்கள் சிதறினோம். 2002 யுத்தநிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு மன்னார்க் குடும்பங்கள் சிலவும், 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு இன்னும் சிலவும் திரும்பிப் போயின. இடது கால்காரன் மன்னாரில் தொழில் செய்கிறான். அவன் மூத்தாப்பா எங்கள் ஊர் மையவாடியில். நான் கத்தாருக்குப் போனேன். நானாவிடம் புதிய பையன்கள் வந்தார்கள்.

எங்கள் கச்சானுக்கும் மவுசு வந்தது. 2010 ஐ ஒட்டி வெளிநாட்டுக்காரர்கள் கைட் என்ற பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் கடல் மேல் ஓட வரத் தொடங்கினார்கள். குடாவப் பக்கத்து ஆழமில்லாத கடலேரி அதற்கு வாய்ப்பான இடமாம். கரை முழுக்கக் கபானாக்கள் முளைத்தன. நானாவின் மகன் முதலில் பட்டம் தூக்கிக் கொடுக்கும் எடுபிடியாகப் போய், பிறகு தானே ஓடிப் பழகி, இப்போது பழக்குகிறான். நானா ஒரு நாள் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் காத்துக்கா இவங்க இவ்வளவு தூரம் காசு குடுத்து வாறாங்க?" என்று கேட்டாராம். எங்கள் பந்தைத் தோப்புக்குள் அடித்துக்கொண்டு போன அதே காற்று அவர் வீட்டுக்கு உலை ஏற்றியது. நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் கடல் குறைந்துகொண்டு வந்தது. 2016 இல் கடல் சூடேறிப் பவளப்பாறைத் திட்டு பெரும்பகுதி வெளுத்துச் செத்தபோது கரைக்கு அண்டிய மீனும் போய்விட்டது என்று நானா சொல்வார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் போட்டை ஒரேயடியாகக் கரையேற்றினார்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. குடாவச் சனத்துக்கு நீர்கொழும்பு உறவு அதிகம். கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் செத்தவர்களில் நானாவின் அணிப் பையன் ஒருவனுடைய உறவுக்காரரும் இருந்தார். முஸ்லிம்கள் வெளியே இறங்கப் பயந்த நாள்கள் அவை. முகம் மூடுவதற்குத் தடை வந்தது, கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. கிரவுண்டு வெறிச்சென்று கிடந்ததாம். நானா அந்தப் பையன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் புறப்பட்டார். போக வேண்டாம் என்று பலர் தடுத்தார்கள். போவதென்றாலும் தனியாகப் போங்கள், பொம்பளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றார்கள். மச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். "சாவு வீட்டுக்கு ஆம்புள மட்டும் போனா அங்க இருக்கிற பொம்பளைகளோட ஆரு பேசுறது?" என்று மச்சி கேட்டது எனக்கு நேரடியாகத் தெரியும், ஏனென்றால் தொலைபேசியில் நானும் தடுத்தவர்களில் ஒருவன். அங்கே அவர்களுக்குக் கோப்பித் தண்ணி கொடுத்தார்கள். யாரும் ஒன்றும் அதிகம் பேசவில்லை என்று மச்சி சொன்னார். பையன் இரண்டு மாதம் கழித்துத்தான் விளையாட வந்தான்.

2022 டிசம்பரில் நான் தோஹாவில் இருந்தேன். உலகக் கிண்ணம் எங்கள் தெருவழியே நடந்தது என்றே சொல்லலாம். டிக்கெட் வாங்க வசதியில்லை என்பதால் பெரிய திரைகளில் பார்த்தோம். மொரோக்கோ போர்த்துக்கல்லை அல் துமாமா மைதானத்தில் 1-0 என்று வென்ற அன்று இரவு நானா கூப்பிட்டார். அந்தத் தலையடி கோலைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் பூஃபால் என்ற வீரன் தன் உம்மாவை மைதானத்துக்குள் கூட்டிவந்து ஆடியதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "நீ பாத்தியா? கிட்ட இருந்து பாத்தியா?" திரையில்தான் பார்த்தேன் என்றதும் அவருக்கு என் மேல் மனக்குறை.

அடுத்த மாதம் மௌத்தானார். நெஞ்சு வலி, கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி அன்றே அடக்கினார்கள், நான் விமானச் சீட்டுத் தேடி முடிப்பதற்குள். அதே மாதம்தான் ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. நாட்டுக்கு ஆட்டமே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஓகஸ்டில் தடை நீங்கியது. கண்டக்குழிக் கிரவுண்டில் அந்த ஏழு மாதமும் அஸருக்குப் பிறகு வழக்கம்போல் பந்து உருண்டது. விசில் இப்போது குடாவப் பையன்களில் மூத்தவன் ஒருவனிடம். கணித டீச்சர் புதன்கிழமைகளில் வந்து கொப்பி பார்க்கிறாள். கோலுக்குப் பின்னால் அல்ல, கோட்டோரம் நின்று. சிறுமிகள் நாலைந்து பேரும் விளையாடுகிறார்கள். யாரும் தடுக்கவில்லை.

நானாவின் பெயரில் ஒரு கிண்ணம் வைக்க வேண்டும் என்று பழைய பையன்கள் காசு சேர்த்துக்கொண்டு மச்சியிடம் போனார்கள். பெயர் போட வேண்டாம், கண்டக்குழிக் கிண்ணம் என்று வையுங்கள், ஆனால் எந்த ஆட்டமும் மஃரிபைத் தாண்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை சொன்னார். ஒத்துக்கொண்டார்கள். போன வருஷம் நான் லீவில் வந்திருந்தபோது இறுதியாட்டம். வெளியூர் அணி ஒன்று வாடகை வான் பிடித்து வந்து இறங்கியது. ஒன்றுக்கு ஒன்று, மேலதிக நேரத்திலும் ஒன்றுக்கு ஒன்று, பெனால்டி. மூன்று உதை ஆளுக்கு முடிந்து இரண்டுக்கு இரண்டு என்று நிற்கையில் பள்ளியில் பாங்கு தொடங்கிவிட்டது. விசில்காரன், கத்தோலிக்கப் பையன், பந்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்றுவிட்டான். வெளியூர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். வான் கூலியை யார் கொடுப்பது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி; நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம். மறுநாள் அஸருக்குப் பிறகு மிச்ச உதைகளுக்காக மறுபடி எல்லாரும் கூடினோம். கிண்ணத்தை அவர்கள் கொண்டுபோனார்கள்.